நாற்பதாயிரம் பேர் பார்த்த குத்துவிளக்கு

அமிர்தியைத் தாண்டிப் பேருந்து மலையேறத் தொடங்கியதும் பூவரசன் மூன்று தடவை சாமியைக் கூப்பிட்டான். நான்காவது தடவை கண்டக்டரைக் கூப்பிட்டான். வந்தது கண்டக்டர்தான். ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டி, "ஜன்னல் பக்கம் திரும்பிக்க தலைவா, என்கிட்ட கீறது ஒரே சட்டை" என்று சொல்லிவிட்டு முன்னால் போய்விட்டார்.

"துப்பறியறவனுக்கு வயிறு கெட்டியா இருக்கணும்டா" என்றாள் பக்கத்து இருக்கையில் இருந்த திரௌபதி.

"கெட்டியாத்தான்க்கா ஏத்திக்கினு வந்தேன். வளைவுலதான் கரைஞ்சி போச்சி."

திரௌபதிக்கு ஐம்பத்திரண்டு வயது. வேலூரில் தபால் நிலையத்துப் பார்சல் பிரிவில் இருபத்து நான்கு வருடம் குப்பை கொட்டியவள். ஒரு பெட்டியைக் கையில் வாங்கிக் குலுக்கினால் போதும், உள்ளே இருப்பது ஊறுகாயா உள்பாவாடையா என்று சொல்லிவிடுவாள். இந்தத் திறமைக்கு அங்கே மரியாதை இல்லை என்று விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் துப்பறியும் நிலையம் ஆரம்பித்துவிட்டாள். பூவரசன் அவளுடைய ஒரே உதவியாளன். அதற்கு முன் ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தான். முப்பத்து மூன்று வயதாகியும் வாயை மூடும் வித்தை மட்டும் அவனுக்குக் கைவரவில்லை.

கேஸ் சின்னதுதான். ஆனால் ஒரு பெண்ணின் மானம் அதில் மாட்டிக்கொண்டிருந்தது. ஜவ்வாது மலையில் பாறைக்கொல்லை என்று ஒரு கிராமம். அங்கே சசிகலா என்பவள் செல்போனில் 'மலையூர் சசி' என்று ஒரு பக்கம் நடத்துகிறாள். வாரத்துக்கு இரண்டு வீடியோ. "ஹாய் மக்களே, இன்னிக்கி உங்க சசி இன்னா வாங்கியாந்தா தெரியுமா?" என்று ஆரம்பித்து, தான் புதிதாக வாங்கிய புடவை, குக்கர், தட்டு, டம்ளர் எல்லாவற்றையும் திருப்பித் திருப்பிக் காட்டுவாள். அதைப் பார்க்க நாற்பதாயிரம் பேர். போன செவ்வாய்க்கிழமை அவள் காட்டியது ஒரு பித்தளைக் குத்துவிளக்கு. செங்கத்தில் வாங்கியதாகச் சொன்னாள். விளக்கின் உச்சியில் ஓர் அன்னம். அன்னத்தின் அலகு பாதி ஒடிந்திருந்தது.

வினை அந்த அலகில்தான் இருந்தது. பாறைக்கொல்லை மாரியம்மன் கோயில் விளக்கின் அன்னத்துக்கும் அலகு பாதிதான். வெள்ளிக்கிழமை கோயிலைத் திறந்தபோது விளக்கைக் காணோம். அன்று மத்தியானமே ஊர்த்தலைவரின் மச்சான் செங்கத்திலிருந்து அந்த வீடியோவை அனுப்பிவைத்தான். ஊரே சேர்ந்து சசிகலாவின் வீட்டைக் குடைந்தது. விளக்கு கிடைக்கவில்லை. ஆனால் திருடி என்ற பெயர் மட்டும் கிடைத்துவிட்டது. இன்று மூன்று மணிக்கு ஊர்க்கூட்டம். வரப்போகும் திருவிழாவில் அவள் வீட்டுப் பொங்கல் பானையைக் கோயில் வாசலில் ஏற்ற விடுவதா வேண்டாமா என்பதுதான் பேச்சு. பானை ஏறவில்லை என்றால் அந்த வீடு ஊர்க்கணக்கில் இல்லை என்று அர்த்தம். கல்யாணம், கருமாதி எதற்கும் ஒருவரும் வாசலை மிதிக்க மாட்டார்கள்.

திரௌபதியைப் போனில் பிடித்து இதையெல்லாம் சொன்னது சசிகலாவின் கணவன் கோவிந்தன். இடுக்கியில் மிளகுத் தோட்டத்தில் வேலை செய்கிறவன். "அவ அதை வாங்கவும் இல்லீங்க, திருடவும் இல்லீங்க. அது மட்டும் எனக்கு நல்லாத் தெரியும்" என்று சொன்னான். எப்படித் தெரியும் என்று கேட்பதற்குள் லைன் கட்டாகிவிட்டது.

முந்தின நாளே இருவரும் செங்கத்துப் பாத்திரக் கடைகளில் ஏறி இறங்கிவிட்டார்கள். அந்த விளக்கை அங்கே யாரும் விற்கவில்லை. திரௌபதி எல்லாக் கடையிலும் கூடுதலாக ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "பழைய விளக்கை விக்கறதுக்கு முன்னாடி பளபளன்னு தேய்ச்சி வெப்பீங்களா?" எல்லாருமே சிரித்தார்கள். "பழசுன்னா எடைக்கு எடைம்மா. எவன் உக்காந்து தேய்க்கறது?"

அந்தக் கேள்வியை ஏன் கேட்டாள் என்று பூவரசன் ராத்திரி முழுக்க யோசித்தான். பதில் வரவில்லை. இப்போது வாந்திதான் வந்துகொண்டிருந்தது.

பாறைக்கொல்லையில் இறங்கும்போது மணி பதினொன்று. சரிவில் அங்கொன்றும் இங்கொன்றுமாக முப்பது வீடுகள், நடுநடுவே சாமைக் கொல்லைகள். சசிகலாவின் வீடு மேல்கோடியில் இருந்தது. ஒரே அறை. வாசலில் ஒரு நாரத்தை மரம் காய்த்துக் குலுங்கியது. உள்ளே நுழைந்த பூவரசன் சுற்றுமுற்றும் பார்த்தான். இரண்டு அலுமினியச் சட்டி, ஒரு பிளாஸ்டிக் குடம், கொடியில் மூன்று பழம்புடவை. ஒரு பக்கச் சுவரில் மட்டும் நீல நிறத்தில் ஒரு துணியை இழுத்துக் கட்டியிருந்தாள். வீடியோவில் அவளுக்குப் பின்னால் தெரிகிற அந்த நீலச் சுவர் இதுதான்.

"அக்கா, இருநூத்திப் பன்னெண்டு வீடியோ" என்று அவன் காதில் கிசுகிசுத்தான். "அதுல காட்டுன பொருள்ல பாதி இங்க இருந்தாக்கூட நாம ரெண்டு பேரும் வெளியதான் நிக்கணும்."

சசிகலாவுக்கு முப்பது வயது இருக்கும். வீடியோவில் படபடவென்று பொரிகிறவள், நேரில் புடவைத் தலைப்பைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"வாங்கின சாமானெல்லாம் எங்கம்மா?" என்று கேட்டாள் திரௌபதி.

"எங்கம்மா வூட்ல கீதுங்க."

"அந்த விளக்கு?"

"வித்துட்டேன்."

"யாருக்கு?"

"ஒரு அம்மாவுக்கு."

"எந்த அம்மா?"

"பஸ்ல வந்தாங்க. பேர் தெரியாதுங்க."

நாற்பதாயிரம் பேரிடம் வாய் ஓயாமல் பேசுகிறவள் ஒரே ஒரு ஆளிடம் பொய் சொல்ல இப்படித் திணறுகிறாளே என்று பூவரசனுக்குப் பாவமாக இருந்தது. அதற்குள் வயிறு மறுபடி புரண்டது. அவன் வாயைப் பொத்திக்கொண்டதைப் பார்த்ததும் சசிகலா ஜாடியிலிருந்து உப்பு நாரத்தங்காய்த் துண்டு ஒன்றை எடுத்து நீட்டினாள். "வாயில அடக்கிக்கங்கண்ணா. மலை ஏறி வர்றவங்களுக்கு இதான் மருந்து."

புளிப்பும் உப்பும் கசப்புமாக நாக்கில் இறங்கியதும் உயிர் திரும்பிவந்தது. திரௌபதி வாசல் மரத்தைப் பார்த்தாள். "ஊர்ல எல்லார் வூட்லயும் இந்த மரம் இருக்குமா?"

"எங்க வூட்ல மட்டுந்தாங்க. எங்க வூட்டுக்காரரு கல்யாணமான வருசம் அமிர்தியில இருந்து கன்னு கொண்டாந்து வெச்சாரு." அதைச் சொல்லும்போதுதான் முதல் தடவையாக அவள் முகம் தெளிந்தது.

அங்கிருந்து இருவரும் ஊருக்குள் இறங்கினார்கள். முதலில் அகப்பட்டது ஜெயம்மாள். சசிகலா என்ற பேரைக் கேட்டதுமே பொரிந்து தள்ளினாள். "அவகிட்ட எனக்கு இன்னாங்க பேச்சு? தினம் ஒண்ணு வாங்கறா, அதை ஊருக்கே காட்டறா. எங்கயிருந்து வருதோ, யாருக்குத் தெரியும்! நான் அவ வூட்டுப் பக்கம் தலைவெச்சிக் கூடப் படுக்கறதில்ல." இதைச் சொல்லிக்கொண்டே, வெளிறிப்போயிருந்த பூவரசனைப் பார்த்து இரக்கப்பட்டு உள்ளே போனாள். திரும்பி வரும்போது கையில் ஒரு துண்டு நாரத்தங்காய்.

செல்லியின் வீட்டிலும் அதே கதை. வசவு வேறு, ராகம் ஒன்று. முடிவில் அதே நாரத்தங்காய். மூன்றாவது வீட்டிலும் நாரத்தங்காய். நான்காவது வீட்டில் பூவரசன் கேட்பதற்கு முன்னாலேயே கொண்டுவந்துவிட்டார்கள்.

"அக்கா, இதுக்கு மேல ஒரு துண்டு உள்ள போச்சின்னா ஊறுகாய் ஜாடியில என்னைத்தான் போட்டு மூடணும்" என்றான்.

"எண்ணிக்கினு வா. எத்தினி வூடு?"

"நாலு. அப்புறம் ஜெயம்மா வூட்டுப் பரண் மேல சிவப்புக் கைப்பிடி குக்கர் ஒண்ணு பாத்தேன். சசி வீடியோவுல வந்த அதே குக்கரு. இவ காட்டறதைப் பாத்து ஊரே வாங்குது போல. திட்டறதுக்கும் இவதான், பாத்து வாங்கறதுக்கும் இவதான்."

திரௌபதிக்குப் பார்சலைக் குலுக்கிப் பார்த்தபின் வருமே ஒரு சிரிப்பு, அது மட்டும் உதட்டோரம் வந்து போனது.

ஊர்த்தலைவர் சின்னராசுவின் வீடு கோயிலுக்கு எதிரே இருந்தது. கோயில் தர்மகர்த்தாவும் அவரேதான். அதாவது புகார் கொடுத்தவரும் அவர், தீர்ப்புச் சொல்லப் போகிறவரும் அவர். வெள்ளை வேட்டி, முறுக்கிய மீசை. கோயில் சாவி இடுப்புக் கயிற்றில் தொங்கியது. அவருடைய மனைவி அம்மாக்கண்ணு வாசற்படி ஓரத்தில் தலை குனிந்து சாமை புடைத்துக்கொண்டிருந்தாள்.

"சாவி இந்த இடுப்பை வுட்டு எறங்காதுங்க" என்றார் சின்னராசு. "பூட்டும் ஒடையல. கள்ளச் சாவி போட்டிருக்கா. அவ புருசன் எட்டு வருசமா வெளியூர்ல சுத்தறவன், அவனுக்குத் தெரியாத வித்தையா?"

"உங்க வூட்டுக்கும் அவங்க வூட்டுக்கும் போக்குவரத்து உண்டுங்களா?" என்று கேட்டாள் திரௌபதி.

"போக்குவரத்தா! வரப்புத் தகராறு வந்து மூணு வருசமாச்சி. அந்த வூட்டுப் பொருள் ஒரு குண்டுமணி இந்த வாசப்படி தாண்டி வந்ததில்ல. தண்ணி கூட வாங்கிக் குடிக்க மாட்டோம்."

"விளக்கை எடுத்தவங்க யாரா இருந்தாலும் பானை ஏறாதுங்களா?"

"யாரா இருந்தாலும்!" என்று சின்னராசு தொடையில் தட்டினார். "எம் பேச்சுன்னா பேச்சுதான்."

திரௌபதி பூவரசனின் விலாவில் கிள்ளிக் காதோடு கிசுகிசுத்தாள். "வாந்தி வருதுன்னு சொல்லு."

"இப்ப வரலியேக்கா."

"வருதுன்னு சொல்லுடா!"

பூவரசன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஷேர் ஆட்டோவில் சில்லறை இல்லாத பயணிகள் போடுகிற மாதிரி ஒரு நடிப்புப் போட்டான். அம்மாக்கண்ணு பதறி எழுந்தாள். "அய்ய, பாவம்!" என்று உள்ளே ஓடினாள். ஓடின வேகத்தில் திரும்பி வந்து அவன் கையில் எதையோ வைத்தாள். பூவரசன் குனிந்து பார்த்தான். உப்பு நாரத்தங்காய்.

அவன் தலையைத் தூக்கினான். அம்மாக்கண்ணுவும் அப்போதுதான் தன் கையைப் பார்த்தாள். அவள் முகத்திலிருந்த ரத்தம் அவ்வளவும் இறங்கிவிட்டது. சின்னராசு மட்டும் ஒன்றும் கவனிக்காமல் மீசையைத் தடவிக்கொண்டிருந்தார். ஆகாரம் தட்டுக்கு எங்கிருந்து வருகிறது என்று ஒருநாளும் கேட்டுப் பழகாத மனுஷன்.

"ரொம்ப நன்றிங்கம்மா" என்று சொல்லிவிட்டுத் திரௌபதி எழுந்தாள்.

தெருமுனை திரும்பும் வரை பூவரசன் பொறுத்துப் பார்த்தான். அதற்கு மேல் முடியவில்லை. "அக்கா, ஊர்ல ஒரே மரம். அந்த மரத்துக்காரி கூட எவளும் பேசறதில்லையாம். ஆனா அஞ்சி வூட்ல அந்த மரத்துக் காய்! காக்கா கொண்டாந்து போட்டுச்சா?"

"எரவல் வாங்கின ஏனத்தை நீ எப்படிடா திருப்பிக் குடுப்ப?"

"கழுவிக் குடுப்பேன்."

"உங்கம்மா?"

பூவரசன் நின்றுவிட்டான். பக்கத்து வீட்டிலிருந்து எது இரவல் வந்தாலும் அவனுடைய அம்மா வெறுமனே திருப்பித் தர மாட்டாள். ஒரு பிடி கடலையோ, நாலு கருவேப்பிலைக் கொத்தோ கூட வைத்துத்தான் கொடுப்பாள். ஒன்றுமில்லாத நாளில் ஒரு துண்டு வெல்லமாவது வைப்பாள். சசிகலாவிடம் இருந்தது நாரத்தங்காய் மட்டுந்தான்.

அவர்கள் மறுபடி மேல்கோடி வீட்டுக்கு ஏறினார்கள். திரௌபதி தரையில் உட்கார்ந்து, எதிரே சசிகலாவையும் உட்கார வைத்தாள்.

"இந்த ரெண்டு வருசத்துல நீ ஒரு பொருள்கூட வாங்கலதானே?"

சசிகலாவின் பார்வை சுவரிலிருந்த நீலத் துணிக்குப் போனது.

"எல்லாமே எரவல். படம் புடிச்சிட்டுத் திருப்பிக் குடுத்துட்ட. அந்த விளக்கும் அப்படித்தான். வீடியோவுல அது தங்கம் மாதிரி மின்னுச்சி. கோயில் விளக்குன்னா எண்ணெய்ப் பிசுக்கு ஏறிக் கறுத்திருக்கும். திருடினவன் அதைத் தேய்ச்சிக்கினு உக்காந்திருக்க மாட்டான். கடைக்காரனும் தேய்க்க மாட்டான். அடுத்த வூட்டுக்கு ஒரு பொருள் போவுதே, நம்ம பேர் கெட்டுடக் கூடாதேன்னு புளி போட்டுத் தேய்ச்சி அனுப்பறவ, குடுத்தவ ஒருத்திதான். கோயில் சாவி கீற வூட்ல அது அம்மாக்கண்ணுதானே?"

சசிகலாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. 

"மொதல்ல விளையாட்டுக்குத்தாங்க போட்டேன்" என்றாள் சசிகலா மூக்கைச் சிந்திக்கொண்டே. "செல்லியோட பொருள் ஒண்ணைக் கையில வெச்சிக்கினு, நான் வாங்கினேன்னு சொன்னேன். முந்நூறு பேரு நல்லா கீதுன்னு எழுதுனாங்க. எனக்கு எவ்ளோ சந்தோசமா இருந்துச்சி தெரியுங்களா? சந்தையில எந்தக் கடையில போய் நின்னாலும் என்னைத் தாண்டித்தான் பின்னாடி நிக்கிறவங்ககிட்ட இன்னா வேணும்னு கேப்பாங்க. மொத தடவையா என்னைப் பாத்து, எங்க வாங்குன, இன்னா வெலைன்னு கேக்கறாங்க. அதுக்கப்பறம் நிறுத்த முடியல."

"இதைக் கூட்டத்துல சொல்லிட்டா தப்பிச்சிடலாமே!" என்றான் பூவரசன்.

"மாட்டேன். திருடின்னு வேணா சொல்லட்டும். வூடு வூடாக் கேட்டு வாங்கிப் படம் காட்டுனான்னு சொல்லக் கூடாது. அதுவும் இல்லாம, குடுத்தவங்க அத்தினி பேரும் புருசனுக்குத் தெரியாமக் குடுத்தாங்க. ஒவ்வொருத்தருக்கும் சத்தியம் பண்ணிருக்கேன். அம்மாக்கண்ணு அக்காவைக் காட்டிக் குடுத்துட்டு நான் பொங்க வெக்கணுமா?"

பூவரசனுக்கு அந்தப் பெண் மேல் சட்டென்று ஒரு மரியாதை வந்தது. துப்புத் துலங்கிவிட்டது, ஆனால் அதை வாய்விட்டுச் சொல்லத்தான் வழியில்லை. திரௌபதி கடிகாரத்தைப் பார்த்தாள்.

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். நானும் யார் பேரையும் சொல்ல மாட்டேன்" என்று எழுந்தாள். "பூவரசா, சமுதாயக் கூடத்துல டிவி இருக்காம். வீடியோ எல்லாம் ஏத்திக்கினு வந்த உன் போனை அதுல மாட்டத் தெரியுமா?"

மூன்று மணிக்குக் கூடம் நிரம்பி வழிந்தது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், நடுவில் நாற்காலியில் சின்னராசு. சசிகலா கதவோரம் தனியாக நின்றாள். சின்னராசு தொண்டையைச் செருமுவதற்குள் திரௌபதி எழுந்து கும்பிட்டாள்.

"ஐயா, குத்தம் சாட்டறது வீடியோவை வெச்சித்தானே? அப்ப எல்லா வீடியோவையும் சபையில ஒரு தடவை பாத்துடலாமே. வேற யார் பொருளாவது காணாமப் போயிருந்தா அதுவும் வெளிய வந்துரும்."

இது சின்னராசுவுக்குப் பிடித்துப்போயிற்று. பெண்கள் பக்கத்தில் மட்டும் திடீரென்று இருமல் கிளம்பியது.

பூவரசன் பொத்தானை அமுக்கினான். முதல் வீடியோ, இரண்டு வருடப் பழசு. நீலச் சுவருக்கு முன்னால் சசிகலா ஒரு மிக்ஸியைத் தூக்கிக் காட்டினாள். ஆண்கள் பக்கத்திலிருந்து செல்லியின் கணவன் எட்டிப் பார்த்தான். "அடியே செல்லி, இது நம்ம மிக்ஸி ஆச்சே! மூடியில பாப்பா ஒட்டுன பூ ஸ்டிக்கரு அப்படியே கீது பாரு!"

செல்லி முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டாள்.

அடுத்து ஒரு மயில்கழுத்து நிறப் பட்டுப்புடவை. ஜெயம்மாளின் கணவன் எழுந்தே நின்றுவிட்டான். "ஏய், போன வருசம் ஒரு கல்யாணத்துக்கு நீ கட்டிக்கினு வந்தது இல்ல இது? உங்க அக்காவுதுன்னு சொன்ன! இப்ப இவ இதைப் புதுசா வாங்குனேன்றா. உங்க அக்காவுது எப்படி இவகிட்ட வந்துச்சி?"

ஜெயம்மாள் கூரையில் ஏதோ தொங்குவதைப் போல அண்ணாந்து பார்த்தாள். பிறகு சிவப்புக் கைப்பிடி குக்கர் வந்தது. அதற்கும் அவள் கணவனே சொந்தம் கொண்டாட வேண்டியிருந்தது. ஹாட்பாக்ஸ் வந்தது, டிபன் கேரியர் வந்தது, சுவர்க் கடிகாரம் வந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு புருஷன் துள்ளி எழுந்தான். சினிமாக் கொட்டகையில்கூட இப்படி விசில் பறந்து பூவரசன் கேட்டதில்லை. பெண்களுக்கோ வேறு மாதிரி ஆச்சரியம். மற்றதெல்லாம் அவள் வாங்கியது, நம்முடையது ஒன்றுதான் இரவல் என்று இத்தனை நாள் ஒவ்வொருத்தியும் நினைத்துக்கொண்டிருந்தாள். "உன்னுதுமா? உன்னுதுமா?" என்று ஒருத்தியை ஒருத்தி கிள்ளிக்கொண்டார்கள்.

விழுந்து விழுந்து சிரித்தவர் சின்னராசுதான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவருக்கு. "இன்னாய்யா ஆம்பளைங்க நீங்க! வூட்ல கீற பொருள் எப்ப வெளிய போவுது, எப்ப உள்ள வருதுன்னு ஒருத்தனுக்கும் தெரியல. பொண்டாட்டியை அடக்கத் துப்பில்ல. என் வூட்ல இப்படி நடக்குமா?"

அந்த நொடியில் திரையில் குத்துவிளக்கு வந்தது. ஒடிந்த அலகோடு அன்னம் தகதகவென்று மின்னியது.

சிரிப்பு நின்றது. முப்பது வீட்டு ஆண்களும் மெதுவாகத் திரும்பிச் சின்னராசுவின் இடுப்பில் தொங்கிய சாவியைப் பார்த்தார்கள்.

"சாவி இடுப்பை வுட்டு எறங்காதுன்னு சொன்னீங்க" என்றாள் திரௌபதி மிகப் பணிவாக. "குளிக்கும்போது?"

சின்னராசுவின் மீசை ஒரு பக்கம் ஆடியது. பதில் வருவதற்குள் பெண்கள் பக்கத்தில் ஒரு அசைவு. அம்மாக்கண்ணு எழுந்து நின்றாள்.  

"நான்தான் குடுத்தேன். ஆணியில நீ மாட்டிட்டுக் குளிக்கப் போன சாவியை எடுத்துக்கினு போய் நான்தான் தொறந்தேன். பொழுதன்னிக்கும் அவளைத் திட்டறியே, அவ காட்டறதை எல்லாம் நான் ஒண்ணு விடாமப் பாக்கறேன். என் வூட்ல அப்படிக் காட்டறாப்ல ஒண்ணுமில்ல. அம்மனோட விளக்குதான் இருந்துச்சி. உள்ளயே கெடந்து கறுத்துப்போச்சி, வருசத்துல ஒருநாள் கூட எவனும் அதைக் கண்ணெடுத்துப் பாத்ததில்ல. புளி போட்டுத் தேய்ச்சிக் குடுத்தேன். பதினோராயிரம் பேரு அழகா கீதுன்னு எழுதுனாங்க. நான் தேய்ச்சதைத்தான் அழகுன்னாங்க."

"வெளக்கு எங்க?" என்றார் சின்னராசு. 

"வெள்ளிக்கெழமை காலையில அவ திருப்பிக் குடுத்துட்டா. கொண்டுபோய் வெக்கறதுக்குள்ள நீ கோயிலைத் தொறந்துட்ட. பயந்துபோய் சாமை மூட்டைக்குள்ள சொருகிட்டேன். அவளை நீங்க அத்தினி பேச்சிப் பேசுனப்பவும் நான் வாயைத் தொறக்கல." அம்மாக்கண்ணு கதவோரம் திரும்பினாள். "சசி, என்னை மன்னிச்சிரு."

ஜெயம்மாளின் கணவனுக்குப் புடவை விவகாரத்தின் சூடு இன்னும் ஆறவில்லை. "தலைவரே, எடுத்தவங்க யாரா இருந்தாலும் பானை ஏறக் கூடாதுன்னு சொல்லிக்கினு இருந்தீங்களே" என்று எடுத்துக் கொடுத்தான்.

"எடுக்கறது வேறய்யா, எரவல் குடுக்கறது வேறய்யா!" என்று சின்னராசு குதித்தார்.

"யாரா இருந்தாலும்னு தொடையில வேற தட்டுனீங்க" என்றான் பூவரசன். "நான் சாட்சி."

கூடம் மறுபடி அதிர்ந்தது. சின்னராசு வியர்த்துக் கொட்டினார். சொன்ன சொல்லைக் காப்பாற்றினால் வீட்டில் பொங்கல் இல்லை, காப்பாற்றாவிட்டால் ஊரில் மீசை இல்லை. அவரைப் பார்க்கப் பூவரசனுக்கே பாவமாக இருந்தது. அப்போதுதான் சசிகலா கதவை விட்டு நகர்ந்து நடுவில் வந்தாள்.

"அம்மாக்கண்ணு அக்கா பானை ஏறலைன்னா எம் பானையும் ஏற வேணாங்க. அவங்க திருடல. நானும் திருடல. அவங்க குடுத்தாங்க, நான் வாங்குனேன்னு பொய் சொன்னேன். அந்த வீடியோவுல கீற ஒண்ணுகூட என்னுது இல்ல. அந்த நீலத் துணி மட்டுந்தான் என்னுது."

 எதைச் சொல்வதற்குப் பதில் திருடிப் பட்டமே மேல் என்று இருந்தாளோ, அதை ஊருக்கு முன்னால் சொல்லிவிட்டாள். ஒருத்தரும் சிரிக்கவில்லை. செல்லிதான் முதலில் எழுந்தாள். "அப்படின்னா எம் பானையும் ஏறாது." ஜெயம்மாள் கணவனை முறைத்துக்கொண்டே எழுந்தாள். "என் வூட்டுதும் ஏறாது." பெண்கள் பக்கம் முழுக்க எழுந்துவிட்டது. பானை ஏற்ற ஒருத்தியும் இல்லாத பொங்கலுக்குத் தர்மகர்த்தா மட்டும் என்ன செய்வார்? சின்னராசு கையைத் தூக்கினார்.

"ஏறட்டும்! எல்லாப் பானையும் ஏறட்டும்! கூட்டம் முடிஞ்சிது, எழுந்து போங்க!"

நாலு மணிக்குப் பேருந்து. நிறுத்தத்துக்குப் பக்கத்தில் மட்டுந்தான் அந்த ஊரில் போன் நன்றாக எடுக்கும். வழியனுப்ப வந்திருந்த சசிகலாவின் போன் அங்கே போனதும் அடித்தது. கோவிந்தன். அவள் கையில் எடுக்கத் தயங்கினாள். திரௌபதியே வாங்கி ஸ்பீக்கரில் போட்டாள். "பேசு. ஊருக்கே சொல்லிட்ட, இவருக்குச் சொல்ல மாட்டியா?"

"இன்னாங்க..." சசிகலா போனுக்குக் குனிந்தாள். "நான் உங்ககிட்டக்கூடப் பொய் சொல்லிட்டேங்க. ரெண்டு வருசமா நான் ஒண்ணுமே வாங்கல. எல்லாம் எரவல்."

"தெரியும்" என்றான் கோவிந்தன்.

"தெரியுமா? எப்பத்துல இருந்து?"

"மொத வீடியோவுல இருந்து. மிக்ஸி வாங்கியாந்தேன்னு காட்டுனியே. நம்ம வூட்டுக்கு அப்ப கரண்டே வரலியேடி."

பூவரசன் திரௌபதியைப் பார்த்தான். இருநூற்றுப் பன்னிரண்டு வீடியோவையும் ஒன்று விடாமல் உட்கார்ந்து பார்த்தவள், மலையையே சல்லடை போட்டுச் சலித்தவள், வேறு பக்கம் திரும்பிப் பேருந்து வருகிறதா என்று பார்த்தாள். ஏதாவது சொல்லிச் சீண்டலாம் என்று அவனுக்கு நாக்கு துறுதுறுத்தது. ஆனால் போனில் கோவிந்தன் இன்னும் பேசிக்கொண்டிருந்தான்.

"தெரிஞ்சிக்கினே ஏன் ஒரு வார்த்தை கேக்கல?" என்று சசிகலா அழுதாள்.

"கேட்டா நீ நிறுத்திருவ. நிறுத்திட்டா வாரத்துக்கு ரெண்டு தடவை உம் மூஞ்சிய நான் எங்க போய்ப் பாக்கறது?"

சசிகலா திரௌபதியின் கையிலிருந்து போனைப் பிடுங்கி, ஸ்பீக்கரை அணைத்து, காதோடு வைத்துக்கொண்டு நிறுத்தத்தை ஒட்டியிருந்த புளியமரத்துக்குப் பின்னால் போய்விட்டாள். பேருந்து வந்து இவர்கள் ஏறி உட்கார்ந்த பிறகும் அவள் அங்கேயே நின்று பேசிக்கொண்டிருந்தாள்.